மோட்பஸ் லைனில் போலிங், டைம்அவுட், ரீட்ரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஸ்பின்னிங் மில்லை எடுத்துக்கொள்வோம். ஒரு பிஎல்சி (மெஷின்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்). அதிலிருந்து கிளம்பும் ஒற்றை ஆர்எஸ்-485 கேபிளில் 12 எனர்ஜி மீட்டர், ஹெச்-பிளாண்ட் (மில்லின் ஈரப்பதத்தைக் காக்கும் பிளாண்ட்) ஃபேன்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 4 டிரைவ், ஆக மொத்தம் 16 ஸ்லேவ், அதாவது கேட்டால் பதில் சொல்லும் கருவி. கேட்கிற பிஎல்சிதான் மாஸ்டர். இவை பேசிக்கொள்ளும் முறை மோட்பஸ் ஆர்டியூ, வேகம் (பாட் ரேட்) செகண்டுக்கு 9600 பிட். கோவை, பல்லடம் பக்கம் மில்களுக்குப் போய்வருகிறவர்கள் இதே மாதிரி லைனைப் பலமுறை பார்த்திருப்பார்கள். மாஸ்டர் ஒவ்வொரு ஸ்லேவாகக் கேட்டுக்கொண்டே போவது போலிங், பதிலுக்குக் காத்திருக்கும் எல்லை டைம்அவுட், பதில் வராமல் மறுபடி கேட்பது ரீட்ரை. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு லைனை வைத்துத்தான். உங்கள் சைட்டில் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதேதான்.

மாஸ்டர், ஸ்லேவ் என்ற பெயர்களை மோட்பஸ் அமைப்பு 2020-ல் கைவிட்டு கிளையண்ட், சர்வர் என்று மாற்றிவிட்டது. பேனல் முன்னால் நிற்பவர்கள் இன்னும் பழைய பெயரில்தான் பேசுகிறார்கள் என்பதால் இங்கேயும் அப்படியே.

போலிங் டைமை 500 மில்லி செகண்டாகக் குறைத்தால் ரீடிங் வேகமாக வருமா?

வராது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் கெடுப்பதும் இதுதான். முதலில் ஒரு பைட் போக எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஸ்டார்ட் 1, டேட்டா 8, பேரிட்டி 1, ஸ்டாப் 1, ஆக 11 பிட். 9600 வேகத்தில் 11 பிட் போக 1.146 மில்லி செகண்ட்.

ஒரு மீட்டரிடம் 20 ரெஜிஸ்டர் (மீட்டர் தன் ரீடிங்கை வைத்திருக்கும் இரண்டு பைட் இடங்கள்) கேட்கிறோம். கேள்வி 8 பைட், அதற்கு 9.2 மில்லி செகண்ட். பதில் 5 பைட்டும் ரெஜிஸ்டருக்கு இரண்டு வீதம் 40 பைட்டும் சேர்ந்து 45, அதற்கு 51.6. கேள்வியை வாங்கிய மீட்டர் யோசித்துப் பதிலைத் தொடங்க, நம் மீட்டரில் அளந்தபோது, 40. இரு பக்கமும் லைன் அமைதியாக இருக்க வேண்டிய இடைவெளி 4 வீதம் 8. கூட்டினால் ஏறக்குறைய 109 மில்லி செகண்ட். 12 மீட்டருக்கு 1.3 செகண்ட்.

டிரைவ் சுறுசுறுப்பானது, 10 மில்லி செகண்டில் பதிலைத் தொடங்கிவிடும். நான்கு ரெஜிஸ்டர் படிக்க 42, ஸ்பீடு எழுத 36. நான்கு டிரைவுக்கும் சேர்த்து 0.31 செகண்ட்.

ஒரு முழுச் சுற்று 1.6 செகண்ட். 500 என்று போட்டாலும் 50 என்று போட்டாலும் கேபிளில் போகிற பிட் அந்த வேகத்தில்தான் போகும். மாஸ்டர் நல்ல மென்பொருளாக இருந்தால் உங்கள் எண்ணைக் கண்டுகொள்ளாமல் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் கேள்விகளை வரிசையில் குவித்துக்கொண்டே போய், பத்து நிமிடத்தில் திரையில் தெரிவது பழைய ரீடிங்காகிவிடும்.

அப்படியென்றால் உண்மையிலேயே வேகம் கூட்ட என்ன வழி?

முதல் வழி, செலவில்லாத வழி: கேள்விகளைச் சேர்த்துக் கேட்பது. அதே 20 ரெஜிஸ்டரை, வோல்டேஜுக்கு ஒரு கேள்வி, கரண்டுக்கு ஒரு கேள்வி என்று இரண்டிரண்டாகப் பத்துத் தடவை கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் போக வர 17 பைட்தான், 19.5 மில்லி செகண்ட். ஆனால் மீட்டர் ஒவ்வொரு தடவையும் 40 மில்லி செகண்ட் யோசிக்கும், இடைவெளி 8. ஒரு கேள்விக்கு 67.5, பத்துக்கு 675. ஒரே வாயில் கேட்டால் 109-ல் முடிகிற வேலை இது. ஆறு மடங்கு வீண்.

பயன்படாத ரெஜிஸ்டர் நடுவில் நாலைந்து இருந்தாலும் பரவாயில்லை, அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ரெஜிஸ்டருக்குக் கூடுவது 2.3 மில்லி செகண்ட்தான். படிக்கும் கேள்வி ஒன்றில் 125 ரெஜிஸ்டர் வரை கேட்க மோட்பஸ் விதி இடம் தருகிறது. பல மீட்டர்கள் அவ்வளவு தராது, இல்லாத முகவரி நடுவில் வந்தாலும் சில மீட்டர்கள் முழுக் கேள்வியையும் நிராகரித்துவிடும். மேனுவலில் பாருங்கள்.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கேட்காமல் இருப்பது. யூனிட் ரீடிங்கை நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்தால் போதும். கரண்ட், பவர் ஃபேக்டர் ஐந்து செகண்டுக்கு ஒரு முறை. டிரைவ் மட்டும் ஒவ்வொரு செகண்டும். எல்லா மில்லிலும் யூனிட் ரீடிங் செகண்டுக்குச் செகண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷிஃப்ட் முடிவில் ஒரு தடவை ரிப்போர்ட்டில் பார்ப்பதற்காக!

பாட் ரேட்டை 19200 ஆக்கினால் நேரம் பாதியாகிவிடாதா?

பாதி ஆகாது. பைட் போகும் நேரம்தான் பாதியாகும், மீட்டர் யோசிக்கும் 40 மில்லி செகண்ட் அப்படியே இருக்கும். நம் லைனில் ஒரு மீட்டருக்கு 109 என்பது 74 ஆகும். முழுச் சுற்று 1.6 செகண்டிலிருந்து 1.1 செகண்ட். நல்ல லாபம்தான். ஆனால் 16 ஸ்லேவிலும் போய் மாற்ற வேண்டும், ஒன்றை மறந்தாலும் அது பேசாது. கேபிள் நீளம், ஜாயிண்ட் எல்லாம் 9600-ல் மன்னித்ததை அதிக வேகத்தில் மன்னிக்காது. நான் முதலில் கேள்விகளைச் சேர்ப்பேன், பாட் ரேட்டைக் கடைசியில்தான் தொடுவேன்.

டைம்அவுட் எவ்வளவு வைக்க வேண்டும்? சிலர் 1000 என்கிறார்கள், சிலர் 100 என்கிறார்கள்.

இரண்டும் அளக்காமல் சொல்வது. அளந்த பதில் நேரத்தில் மிக மோசமானதை எடுங்கள், 40 சராசரி என்றால் எப்போதாவது 90 வரும். அதோடு பதில் முழுவதும் வந்து சேர 52. சில மாஸ்டர்கள் பதிலின் முதல் பைட் வரை மட்டும் கடிகாரம் ஓட்டும், சில மாஸ்டர்கள் கடைசி பைட் வரை ஓட்டும், ஆகவே முழுப் பதிலுக்குமான கணக்கே பாதுகாப்பு. 142 வருகிறது. அதற்கு மேல் ஒரு மடங்கு கையிருப்பு வைத்து 300. இந்த லைனுக்கு 300-தான் என் எண்.

100 வைத்தால் என்ன ஆகும்? பெரும்பாலான நேரம் எல்லாம் சரியாகவே நடப்பது போலத் தெரியும். மீட்டர் ஒரு தடவை தாமதித்தால் மாஸ்டர் பொறுமை இழந்து அடுத்த ஸ்லேவைக் கேட்டுவிடும். அந்த நேரம் பார்த்து முந்தைய மீட்டர் பேசத் தொடங்கும். இரண்டு குரலும் கேபிளில் மோதி சிஆர்சி எரர் (செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சோதனை எண் பொருந்தாத எரர்) வரும். எரர் விழுவது அடுத்த ஸ்லேவின் கணக்கில், அதாவது ஒன்றும் செய்யாதவன் மீது. 7-ம் எண் மீட்டரை இரண்டு முறை மாற்றியும் சரியாகாத சைட்டுகளில் 6-ம் எண்ணைப் பாருங்கள்.

திடீரென்று கரண்ட் 415 ஆம்ப்ஸ் என்று காட்டியது, அடுத்த ரீடிங்கில் சரியாகிவிட்டது. மீட்டர் கோளாறா?

415 என்ற எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும், அது உங்கள் வோல்டேஜ்.

நடந்தது இது. மாஸ்டர் 5-ம் மீட்டரிடம் வோல்டேஜ் கேட்டது. பதில் தாமதம், டைம்அவுட். மாஸ்டர் அதே மீட்டரிடம் கரண்ட் கேட்டது. அப்போது பழைய கேள்விக்கான பதில் வந்து சேர்ந்தது. மாஸ்டர் அதைக் கரண்ட் என்று வாங்கி வைத்துக்கொண்டது.

இது எப்படி முடியும் என்றால், மோட்பஸ் ஆர்டியூ பதிலில் ரெஜிஸ்டர் முகவரியே இருக்காது. லைனைக் கவனித்துப் பாருங்கள். கேள்வி 05 03 00 00 00 14 என்று போகும்: 5-ம் ஸ்லேவ், 03 என்றால் ரெஜிஸ்டர் படி, 00 00-லிருந்து, 00 14 அதாவது 20 ரெஜிஸ்டர், பின்னால் இரண்டு சிஆர்சி பைட். பதில் 05 03 28 என்று தொடங்கும்: 5-ம் ஸ்லேவ், அதே 03, 40 பைட் தருகிறேன், பிறகு டேட்டா. எங்கிருந்து எடுத்த 40 பைட் என்று ஒரு வார்த்தை இல்லை. ஸ்லேவ் ஒன்று, நீளமும் ஒன்று என்றால் எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. சிஆர்சியும் சரியாகவே இருக்கும். ஈதர்நெட்டில் ஓடும் மோட்பஸ் டிசிபியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டிரான்சாக்‌ஷன் எண் உண்டு, அதனால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. ஆர்டியூ 1979-ல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காகப் போட்ட திட்டம், அத்தனை எளிமையாக இருப்பதால்தான் இன்றும் ஓடுகிறது, அந்த எளிமைக்கு விலை இது.

தீர்வு: டைம்அவுட்டை உயர்த்துங்கள். முடிந்தால் ஒரே மீட்டரிடம் அடுத்தடுத்துக் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு வெவ்வேறு நீளம் கொடுங்கள், ஒன்றுக்கு 20, மற்றதற்கு 22. அற்ப உபாயம்தான், ஆனால் பதில் மாறி வந்தால் மாஸ்டருக்கே தெரிந்துவிடும். டைம்அவுட் ஆனதும் ரிசீவ் பஃபரைக் காலி செய்துவிட்டு அடுத்த கேள்வியை அனுப்பும் வசதி உங்கள் மாஸ்டரில் இருந்தால் அதையும் போடுங்கள்.

ஒரு மீட்டரை ஆஃப் செய்தால் சம்பந்தமே இல்லாத டிரைவ் ஏன் டிரிப் ஆகிறது?

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். டைம்அவுட் 1000, முதல் கேள்வியும் இரண்டு ரீட்ரையுமாக மூன்று முயற்சி. கமிஷனிங் அன்று எல்லா ஸ்லேவும் உயிரோடு இருந்தன, சுற்று 1.6 செகண்டில் ஓடியது. டிரைவில் கம்யூனிகேஷன் லாஸ் டைமை 3 செகண்ட் என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து ஒரு பேனலில் எலக்ட்ரீஷியன் மீட்டரின் ஃபியூஸைக் கழற்றினார், ஏதோ சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மாற்றும் வேலை. அரை நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் ஃபேன் நான்கும் நின்றன. அவர் பயந்துபோய் ஃபியூஸைத் திரும்பப் போட்டார், ரீசெட் செய்ததும் ஃபேன் ஓடியது. “அண்ணே, அந்த மீட்டருக்குள்ள ஃபேன் கண்ட்ரோல் இருக்குதுங்க” என்று எனக்கு போன்.

கணக்கு இதுதான். இறந்த மீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் 3 செகண்டைத் தின்னும். 1.6-ல் அந்த மீட்டரின் 0.1 கழித்து, 3 கூட்டினால் 4.5 செகண்ட். டிரைவ் 3 செகண்டாக யாரும் பேசவில்லை என்று பார்த்தது, செட் செய்தபடி நின்றது. டிரைவ் மீது தப்பில்லை.

இப்போது நான் செட் செய்வது: டைம்அவுட் 300, ஒரே ஒரு ரீட்ரை. இறந்த மீட்டர் எடுப்பது 0.6 செகண்ட், சுற்று 2.1. மூன்று மீட்டர் ஒன்றாகப் போனாலும் 3.1. டிரைவின் கம்யூனிகேஷன் லாஸ் டைம் 5 செகண்ட். இதோடு நிறுத்தாமல், தொடர்ந்து மூன்று சுற்று பதில் தராத ஸ்லேவை ஒதுக்கிவைத்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் தட்டிப் பார்க்கும்படி பிஎல்சியில் எழுதிவிட்டேன். பல ஸ்காடா (கம்ப்யூட்டரில் பிளாண்டைக் கண்காணிக்கும் மென்பொருள்) டிரைவர்களில் இது ரெடிமேட் வசதியாகவே உண்டு, பெரும்பாலும் ஆஃபில் கிடக்கும்.

இன்னொன்று, வரிசை. 12 மீட்டரையும் முடித்துவிட்டு டிரைவுக்கு வராமல், மூன்று மீட்டர், எல்லா டிரைவும், அடுத்த மூன்று மீட்டர், மறுபடி டிரைவ் என்று பின்னிப் போடுங்கள். டிரைவ் காத்திருக்கும் நேரம் நன்றாகக் குறையும்.

கம்யூனிகேஷன் லாஸ் ஃபால்ட்டையே ஆஃப் செய்துவிட்டால்?

ஆஃப் செய்த டிரைவ், பிஎல்சி செத்தாலும் கடைசியாகக் கேட்ட ஸ்பீடிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஃபேனுக்கு அது பரவாயில்லை என்று வாதிடலாம், சில சைட்டில் நானே ‘வார்னிங் மட்டும், ஓட்டம் தொடரட்டும்’ என்று வைத்திருக்கிறேன். கன்வேயர், ஹாயிஸ்ட் என்றால் கூடவே கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப் எதுவாக இருந்தாலும் தனி வயரில்தான் வர வேண்டும், மோட்பஸ் வழியாக அல்ல.

டிரைவுக்கு ஸ்பீடை ஒவ்வொரு சுற்றிலும் எழுதலாமா, மாறும்போது மட்டும் எழுதலாமா?

கமாண்ட் ரெஜிஸ்டர், ஸ்பீடு ரெஜிஸ்டர் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் எழுதலாம், டிரைவின் கம்யூனிகேஷன் லாஸ் கடிகாரத்துக்கும் அது தேவை. பாராமீட்டர் ரெஜிஸ்டர்களில்தான் கவனம். ஆக்ஸிலரேஷன் டைம் போன்றவற்றை எழுதினால் பல டிரைவ்கள் அதை ஈஈபிராம் என்ற நிரந்தர நினைவகச் சிப்பில் சேமிக்கும். அந்தச் சிப் பொதுவாக 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் முறை எழுதுவதைத்தான் தாங்கும். செகண்டுக்கு ஒரு முறை எழுதினால் 1 லட்சம் என்பது 28 மணி நேரம். வெள்ளிக்கிழமை கமிஷனிங் முடித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். ராமில் மட்டும் எழுதும் தனி முகவரி சில டிரைவ்களில் உண்டு, இல்லாவிட்டால் மதிப்பு மாறும்போது மட்டும் எழுதுங்கள்.

3.5 கேரக்டர் இடைவெளி என்கிறார்களே, அதை நாம் செட் செய்ய வேண்டுமா?

மோட்பஸ் ஆர்டியூவில் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதற்கு முற்றுப்புள்ளி கிடையாது. லைன் 3.5 கேரக்டர் நேரம் அமைதியாக இருந்தால் முடிந்தது என்று பொருள். 9600-ல் அது 4 மில்லி செகண்ட். 19200-க்கு மேல் போனால் வேகத்தைப் பார்க்காமல் 1.75 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. ஒரே செய்தியின் இரண்டு பைட்டுக்கு நடுவில் 1.5 கேரக்டருக்கு மேல் இடைவெளி விழக்கூடாது.

பிஎல்சி, மீட்டர் இவை தாமாகப் பார்த்துக்கொள்ளும். தொல்லை வருவது லேப்டாப்பிலும் யுஎஸ்பி கன்வெர்ட்டரிலும்தான். எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வெர்ட்டரில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று உண்டு, வாங்கும்போது 16 மில்லி செகண்டில் இருக்கும். வந்த பைட்டுகளை அவ்வளவு நேரம் பிடித்து வைத்துத்தான் கம்ப்யூட்டருக்குத் தரும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், அந்தக் காம் போர்ட், அட்வான்ஸ்டு என்று போய் அதை 1 ஆக்குங்கள். பதில் நேரத்தை அளக்கப் போவதற்கு முன் இதைச் செய்யாவிட்டால் மீட்டரின் தாமதத்தை அளக்கிறீர்களா, கன்வெர்ட்டரின் தாமதத்தையா என்றே தெரியாது.

டிரைவ் ரொம்ப வேகமாகப் பதில் தருவதால் பிரச்சினை வருமா?

வரும். ஒரே ஜோடி வயரில் போவதும் வருவதும் நடப்பதால், மாஸ்டர் பேசி முடித்ததும் லைனை விட்டுவிட வேண்டும். மலிவான கன்வெர்ட்டர்கள் சில மில்லி செகண்ட் கழித்துத்தான் விடும். அதற்குள் டிரைவ் பேசத் தொடங்கினால் முதல் பைட் போய்விடும், அதாவது ஸ்லேவ் எண். மீட்டர் எல்லாம் வரும், டிரைவ் மட்டும் வராது. டிரைவில் ரெஸ்பான்ஸ் டிலே என்ற பாராமீட்டரைத் தேடி 5 அல்லது 10 மில்லி செகண்ட் கொடுத்தால் சரியாகிவிடும். நேரத்தைக் கூட்டிச் சரிசெய்யும் அரிதான இடம் இது.

மீட்டர் அலாரத்தைத் தானாக அனுப்பும்படி செட் செய்ய முடியாதா?

மோட்பஸ் ஆர்டியூவில் முடியாது. கேட்டால்தான் ஸ்லேவ் வாய் திறக்கும். உடனே தெரிய வேண்டிய அலாரம் என்றால் ரிலே காண்டாக்ட்டை பிஎல்சி இன்புட்டுக்கு இழுங்கள்.

கேட்வே (ஆர்டியூ லைனை ஈதர்நெட்டோடு இணைக்கும் பெட்டி) வைத்து ஈதர்நெட்டில் ஸ்காடாவுக்குக் கொடுத்திருக்கிறோம். ஸ்காடாவில் டைம்அவுட், கேட்வேயில் டைம்அவுட், எதை எப்படி வைப்பது?

கீழே இருப்பவர் முதலில் முடிவு சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும். கேட்வே 300 வீதம் இரண்டு முயற்சி செய்தால் 600 மில்லி செகண்டில் கைவிட்டு, 11-ம் எண் எக்ஸெப்ஷனை (பிழைப் பதிலை) ஸ்காடாவுக்கு அனுப்பும். ‘லைன் இருக்கிறது, கடைசி ஸ்லேவ்தான் பேசவில்லை’ என்பது அதன் பொருள், சைட்டில் அலையும் நேரத்தை மிச்சப்படுத்தும் தகவல். ஸ்காடாவில் 500 என்று வைத்திருந்தால் அந்தப் பதில் வருமுன்பே ஸ்காடா கைவிட்டு இன்னொரு முறை கேட்கும், கேட்வேயின் வரிசையில் ஒரே கேள்வி இரண்டு மூன்றாகச் சேரும்.

எனர்ஜி மேனேஜ்மென்ட் மென்பொருளும் அதே கேட்வேயைக் கேட்கிறது என்றால் ஒருவர் கேள்வி முடியும்வரை மற்றவர் காத்திருக்கும் நேரமும் சேரும். இரண்டு கிளையண்டுக்கு நான் 2 செகண்ட் வைப்பேன். இப்படிச் சேர்த்தால் இந்த லைனில் பிஎல்சி மாஸ்டராக இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டியூ லைனுக்கு ஒரே மாஸ்டர்தான், பிஎல்சியும் கேட்வே வழியாகவே வர வேண்டும்.

பிஎல்சியில் எல்லா ரீட் பிளாக்கையும் ஒரே டைமரில் ஓட விட்டிருக்கிறேன். சிலது மட்டும் எரர் காட்டுகிறது.

ஒரு போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு பிளாக்தான் ஓட வேண்டும். முதலாவதன் டன் (முடிந்தது) பிட் அல்லது எரர் பிட் வந்தபின் இரண்டாவதைத் தொடங்குங்கள். டைமரை வைத்துத் தள்ளினால் ஒரு மீட்டர் தாமதித்த நாளில் மொத்தமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். எரர் பிட்டை மறந்து டன் பிட்டுக்கு மட்டும் காத்திருப்பதும் உண்டு, ஒரு மீட்டர் ஆஃப் ஆனதும் வரிசை அங்கேயே நின்றுவிடும்.

வரும் எரர் டைமிங்காலா, வயரிங்காலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிரைவ்களை நிறுத்திப் பாருங்கள். எரர் நின்றால் வயரிங், ஷீல்டு, எர்த் பக்கம் போங்கள். பவர் கேபிளோடு ஒரே டிரேயில் போகிறதா, இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா, நடுவில் யாராவது ஸ்டார் மாதிரி கிளை இழுத்திருக்கிறார்களா என்று. டிரைவ் நின்றும் எரர் தொடர்ந்தால், போலிங்கை மிக மெதுவாக, கேள்விக்கு நடுவில் 500 மில்லி செகண்ட் விட்டு, டைம்அவுட்டை 2 செகண்ட் ஆக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போது சுத்தமாக ஓடினால் டைமிங். இரண்டு சோதனைக்கும் அரை மணி நேரம் போதும்.

மீட்டரில் பாட் ரேட்டை மாற்றினேன். இப்போது பழைய வேகத்தில்தான் பேசுகிறது, புதிய வேகத்தில் கேட்டால் பதில் இல்லை.

சில மீட்டர், பல டிரைவ், ஆக்ஸிலரி சப்ளையை ஆஃப் செய்து ஆன் செய்தபின்தான் புது வேகத்துக்கு மாறும். டிஸ்ப்ளேயில் 19200 என்று காட்டிக்கொண்டே உள்ளே 9600-ல் பேசும். டிரைவ் என்றால் டிஸ்ப்ளே முழுவதும் அணையும்வரை காத்திருந்து ஆன் செய்யுங்கள், பாதியில் ஆன் செய்தால் ரீஸ்டார்ட் ஆகியிருக்காது.